முந்திக் கண்டவனுக்கு சைபர்

இரண்டாவது தடவையும் பெயிலாகிவிட்டேன்.

எதில் என்று கேட்கிறீர்களா? மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்கான தியரி டெஸ்டில். தயவுசெய்து சிரிக்காதீர்கள். மீசை அரும்பிய வயதில் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிளில் ஏறியவன் நான். மாடு, நாய், மினிபஸ், கைகாட்டாமல் திரும்பும் சைக்கிள்காரர் என்று எல்லாவற்றையும் விலத்தி ஓடி, ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தவன். லண்டனிலும் சும்மா இருக்கவில்லை. எல் போர்ட் கட்டிய ஒரு சின்ன மோட்டார் சைக்கிளில், அதற்குரிய ஒருநாள் பயிற்சியை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுத்துக்கொண்டு, நாங்கள் குடியிருக்கும் பார்க்கிங் என்ற பகுதியில் இருந்து வேலைக்கு வருடக்கணக்காகப் போய் வருகிறேன்.

கேள்வி பதில் பகுதியில் நல்ல புள்ளி. கவிழ்த்தது மற்றப் பகுதி. ஆபத்தைக் கண்டுகொள்ளும் பகுதி.

எனக்கு ஆபத்துத் தெரியாதாம்!

விஷயம் இதுதான். கம்ப்யூட்டரில் சின்னச் சின்ன வீடியோக்கள் ஓடும். நீங்களே ரோட்டில் போவது போலக் காட்சி. உங்களைப் பிரேக் பிடிக்கவோ விலத்தவோ வைக்கிற ஏதாவது ஒன்று உருவாகும்போது மவுஸை அழுத்த வேண்டும். உடனே அழுத்தினால் கூடப் புள்ளி, பிந்தப் பிந்தக் குறையும். இதில் என்ன கஷ்டம் என்றுதான் முதல் தடவை போய் உட்கார்ந்தேன்.

ஒதுக்கி நிறுத்திய வான்... கிளிக். போனைப் பார்த்தபடி தெருவோரம் நிற்கும் பெண்... கிளிக். மதிலுக்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, அதுவே ஆபத்துத்தானே... அதற்கும் கிளிக். மோட்டார் சைக்கிள்காரன் கண்ணுக்கு ரோட்டில் ஆபத்தில்லாத பொருள் என்று ஏதாவது இருக்கிறதா? வீடியோ முடிந்ததும் கம்ப்யூட்டர் ஒரு அறிவித்தல் போட்டது. கண்டபாட்டுக்கு அழுத்தியிருக்கிறீர்கள், இதற்குப் புள்ளி கிடையாது என்ற அர்த்தத்தில். கள்ளன் என்று நேரே சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சரி, பாடம் படித்தாயிற்று. இரண்டாம் தடவை கையைக் கட்டுப்படுத்திக்கொண்டு, ஒரு வீடியோவுக்கு ஒரு கிளிக், கூடிப்போனால் இரண்டு. கண்ட அந்தக் கணமே அழுத்தினேன். சந்தியில் நிற்கும் காரின் முன்சில்லு லேசாகத் திரும்பியது. அடுத்து அவன் வெளியே வரப்போகிறான் என்று எனக்குத் தெரியும். கிளிக். அவனும் வந்தான். நான் சொன்னபடியே எல்லாம் நடந்தது. ஆனால் புள்ளி மட்டும் வரவில்லை.

ஏன்? முந்திவிட்டேனாம். ஆபத்து உருவாகத் தொடங்கிய பிறகுதான் கணக்கே ஆரம்பமாம். அதற்கு முன் கண்டால் சைபர். இது என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

இந்த வயதில் உமக்கு ஏன் இந்த வேலை என்று சிலர் கேட்கலாம். சொல்கிறேன். என் மனைவி வதனி ஒரு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு அவளாகத் தேடிப் பிடித்த வேலை. அங்கே அவளுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, சிநேகிதிகள் இருக்கிறார்கள். அண்மையில் விடியற்காலை ஷிப்டுக்கு மாற்றிவிட்டார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ் பிந்தினால் மற்றது போய்விடும். இருட்டில் வெறும் ரோட்டில் தனியே நிற்க வேண்டும். போன குளிரில் பனியில் சறுக்கி விழுந்தும்விட்டாள். கார் வைக்க எங்கள் தெருவில் இடமில்லை. எல் போர்ட்டோடு பின்னால் ஆளை ஏற்றவும் சட்டத்தில் இடமில்லை.

நான் இரண்டாம் தடவை பெயிலான அன்று அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அடுத்த மாசத்தோட வேலையை விடப்போறன்” என்றாள்.

உடனே வெம்பிளியில் இருக்கும் ரவி அண்ணைக்குப் போன் போட்டேன். சாப்பாட்டுப் பார்சல் கொண்டு ஓடுகிறவர், இந்த டெஸ்டில் ஒருமாதிரித் தப்பியவர். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது இதுதான்: “தம்பி, நீ ஆபத்து வரமுதலே காணுறாய். அவைக்கு அது தேவையில்லை. கண்டும் காணாத மாதிரிக் கொஞ்சம் இரு, பிறகு அமத்து.”

எவ்வளவு நேரம் அப்படி இருப்பது என்று கேட்டேன். அது பழக்கத்தில் வருமாம். தனக்கு எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. கண்டும் காணாத மாதிரி இருந்தால் ரோட்டில் உயிர் மிஞ்சுமா? நான் இருந்த குழப்பத்துக்கு அவர் இன்னும் கொஞ்சம் சேர்த்துவிட்டுப் போனை வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் லாப்டொப்பை வைத்துப் பயிற்சி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். வதனி பின்னால் நின்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நான் அழுத்துவேன். கொஞ்சம் பொறுத்து அவள், “இஞ்சருங்கோ, அந்தக் கார் வெளிக்கிடுது” என்பாள். இங்கே பாருங்கோ என்பதை அவள் அப்படித்தான் சொல்வாள். அடுத்த வீடியோ. நான் அழுத்துவேன். பிறகு அவள், “இஞ்சருங்கோ, அந்தப் பெடியன் ரோட்டில இறங்குறான்.” எனக்கு எரிச்சலாக வந்தது. அதெல்லாம் எப்போதோ கண்டாயிற்று, நீர் உம்முடைய வேலையைப் பாரும் என்றேன். இத்தனைக்கும் என் புள்ளி சைபர், சைபர், ஒன்று, சைபர்.

இடையில் போன் அடித்தது. பேசி முடித்துத் திரும்பி வந்தால், என் கதிரையில் அவள். கையில் மவுஸ். பயிற்சி முழுவதையும் ஒரு மூச்சில் முடித்திருக்கிறாள். புள்ளியைப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். தாராளமாகப் பாஸ்!

சைக்கிள்கூட ஓடத் தெரியாத மனிசி ஐயா இது. எப்படிச் செய்தீர் என்று கேட்டால், பயம் வரும்போது அமத்தினனான் என்று சொல்லிவிட்டு உடுப்பு மடிக்கப் போய்விட்டாள்.

அன்று முழுக்க யோசித்தேன். கலியாணம் செய்த நாளிலிருந்து ஊரில் என் பின்சீட்டில் இருந்தவள் அவள். நான் எப்போதோ கண்டு கணக்குப் போட்டுவிட்ட லொறியை, சரியாக அது அசையத் தொடங்கும்போது “இஞ்சருங்கோ” என்று சொல்வாள். எனக்கு அது பிந்திய சங்கதி. இந்த ஊர்க் கம்ப்யூட்டருக்கு அதுதான் சரியான நேரம் போலிருக்கிறது.

மூன்றாம் தடவை டெஸ்டுக்குப் போனேன். இந்த முறை என் கண்ணை நான் நம்பவில்லை. வீடியோ ஓடும். ஆபத்து எனக்குத் தெரியும். விரலை அசைக்காமல் காத்திருப்பேன். மனதுக்குள் வதனியின் “இஞ்சருங்கோ” கேட்கும். அதன் பிறகுதான் கிளிக். ஒவ்வொரு வீடியோவுக்கும் அப்படியே செய்தேன்.

பாஸ். அதுவும் நல்ல புள்ளியோடு. ரோட்டில் ஓடிக் காட்டும் சோதனைகள் எனக்குப் பெரிய விஷயமில்லை, அவையும் முடிந்தன. எல் போர்ட்டைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். வதனி வேலையை விடும் கதையை விட்டாள். எப்படிப் பாஸ் பண்ணினேன் என்று மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. ஆம்பிளைக்கு ஒரு கெத்து வேண்டாமா?

கடந்த திங்கட்கிழமை விடிய முதல் சவாரி. புது ஹெல்மெட்டோடு அவள் பின்னால் ஏறினாள். ரோட்டில் வெளிச்சம் வரவில்லை. ஒரு சந்தியில் வெள்ளை வான் ஒன்று மூக்கை நீட்டியது. கண்டேன். ஆனால் பாருங்கள், பழகிப்போன விரல், “இஞ்சருங்கோ”வுக்குக் காத்திருந்தது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வான் முழுதாக வெளியே வந்தபோதுதான் பிரேக்கைப் பிடித்தேன். மயிரிழையில் தப்பினோம்.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும், நீர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமயிரைச் சரிசெய்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“அதுதான் நீங்கள் பாஸ் பண்ணிட்டியளே. இனி நான் ஏன் பாக்க வேணும்? கண்ணை மூடிக்கொண்டு இருந்தனான்.”

ஐயோ, பாஸ் பண்ணியது நானில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வேன்?