லோவ்ரோவின் திருகாணிகள்

மீன் சந்தைக்குள் லோவ்ரோ வெறும் பையோடு நுழைகிறார். ரியெக்கா ஊரே தின்று தீர்க்கும் இறாலில் பாதியின் ஓடு அந்தப் பைக்குள்தான் போகிறது. சரி, பாதி என்பது என் கைச்சரக்கு. வாரத்துக்கு இரண்டு பை. இறாலை மட்டும் வாயில் வைக்கமாட்டார். கேட்டால், “வேலை பாக்குற எடத்துல யாராவது சாப்பிடுவாங்களா?”

தான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் அந்த ஓட்டை வெள்ளைத் தூளாக்கி, புளித்த காடி வாசம் அடிக்கும் நீரில் கரைப்பார். முறிந்த எலும்பில் முடுக்கும் திருகாணியை அதில் தொங்கவிட்டு மெல்லிய மின்சாரம் பாய்ச்சுவார். திருகாணிமேல் கண்ணாடிபோல் ஒரு தோல் படியும். தோலுக்குள் சீழ்பிடிக்காமல் காக்கும் மருந்து. மின்சாரம் கூடினால் நீர் குமிழிவிடும். தோலில் ஓட்டை விழும். லிஃப்ட் பொத்தானை இருமுறை அழுத்துகிறவர்களிடம்கூட அவர் சொல்வது ஒன்றுதான்: “அவசரப்பட்டா கொப்புளம்தான்.”

அவரே அவசரப்பட்டார். ஓடு கொடுக்கும் மீன்காரி தோரினாவின் நாய் பெப்போவுக்குக் கால் முறிந்து, முதலில் வைத்த திருகாணியில் சீழ்பிடித்துவிட்டது. இன்னொரு முறை பிடித்தால் காலை எடுத்துவிடவேண்டியதுதான் என்றார் மாட்டு டாக்டர். வியாழக்கிழமை அறுவை. அதற்குள் ஆறு திருகாணிக்குத் தோல் போட்டுத் தருவதாக லோவ்ரோ ஏற்றுக்கொண்டார்.

“அண்ணே, ஆயிடுச்சா?” என்று தோரினா தினமும் கேட்க, மனுஷர் மின்சாரத்தைக் கூட்டிவிட்டார். ஆறு திருகாணிக்கும் அம்மை போட்டதுபோல் முகம்.

என் பிளம் பிராந்தியை ஊற்றச் சொன்னேன். சாராயம் கலந்தால் குமிழி அடங்கும் என்று அவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

“அத நீங்க குடிங்க டீச்சரம்மா” என்றார் லோவ்ரோ.

கொப்புளத் தோலைச் சுரண்டிவிட்டு, ஆய்வுக்கூடத்துச் சுத்தச் சாராயத்தைக் கலந்து, மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்து, நாற்காலியை இழுத்துப்போட்டுக் கைகள் இரண்டையும் தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்தார். மின்சாரப் பொத்தானைத் தொட்டுவிடுவோமோ என்ற பயம். புதன்கிழமை மாலை ஆறு திருகாணிகள், மழுமழுவென்று.

அறுவை முடிந்து எட்டு வாரம். நேற்று பெப்போ சந்தைக்குள் காற்றாய்ப் பறந்து வந்தது. லோவ்ரோ பையைக் கீழே போட்டு, ஈரத் தரையில் மண்டியிட்டு, தழும்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை தடவினார். சூடில்லை, வீக்கமில்லை. மறுபடியும் தடவினார்.

நான் இதை எழுதுவதைப் பக்கத்திலிருந்து எட்டிப் படித்த தோரினா, காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“பறக்கவெல்லாம் இல்ல டீச்சரம்மா. நொண்டி நொண்டித்தான் வந்துச்சு. ஆனா நாலு காலையும் ஊனி வந்துச்சு.”