கேட்க வேண்டியவர்: எஸ்தர்

செவ்வாய்க்கிழமை காலை பாதிச் சவரத்தில் இருந்தபோது, எங்கள் ஜீப்பை ஓட்டும் சுனில் அழைத்தான். "சாரே, எஸ்தர் சேச்சி போயி" என்றான். பிறகு அவனே, "நாளெ வண்டி விடணோ?" என்று கேட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சாவுச் செய்தியோடு சேர்த்துக் கேட்கிற கேள்வியா இது? ஆனால் முகத்தின் மறுபாதியை வழிப்பதற்குள் புரிந்துவிட்டது. எங்கள் எல்லோருக்கும் அக்காவான சேச்சி இருந்திருந்தால் அவரும் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார். வண்டியை விடச் சொன்னேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எல்லையோரப் பாறசாலைக்காரர்; தமிழும் மலையாளமும் கலந்தே பேசுவார். பேருந்து நிலையத்தில் விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். ஓய்வு பெற்றதும் எங்கள் சங்கத்துக்குப் பொருளாளராக வந்தார். சங்கம் என்பது பெரிய பேர்தான். நகரத்தில் கரமனைப் பகுதியில் ஒரு வாடகை அறை, ஒரு பழைய ஜீப், ஐந்து பேர், அவ்வளவே. மலைமேல் போனக்காடு தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் நோயாளிகளைப் புதன்தோறும் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்து, மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுகிறோம். அரசு மானியத்திலும் சிலர் தரும் நன்கொடையிலும் அந்த வண்டி ஓடுகிறது. செயலாளர் நான்.

முதல் மானியம் வந்தபோது, அறிக்கையை அரசு இணையதளத்தில் ஏற்றிவிட்டு, பெரிய காரியம் முடித்தவன்போல் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். "இது ஆருக்குத் தெரியும் சார்?" என்றார் சேச்சி. யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே என்றேன். "லயத்துல டவர் எடுக்கணும்னா பாறையில ஏறி நிக்கணும். ஏறிப் பாத்தாலும் இங்கிலீஷும் மலையாளமும். ஆருக்குன்னு பணம் வந்துதோ, அவியளுக்கு மட்டும் தெரியாது, அல்லே?"

அடுத்த புதன் ஜீப்பில் ஒரு கரும்பலகை ஏறியது. போனக்காட்டில் வண்டி நிற்கும் இடத்து டீக்கடைச் சுவரில் அதை மாட்டினார். அரசு தந்தது இவ்வளவு, இன்ன காரியத்துக்கு, செலவானது, மிச்சம் எல்லாவற்றையும் தமிழில் எழுதினார். அடியில் ஒரு வரி: 'கேட்க வேண்டியவர்: எஸ்தர்'. பக்கத்தில் அவருடைய போன் நம்பர். 'நிர்வாகம்' என்று போட்டால் போதாதா என்று கேட்டேன். "நிர்வாகம்னா ஆரு? கேள்விக்கு ஒரு முகம் வேணும் சார். கவுண்டர்ல ஆளில்லேன்னா, பஸ் நின்னாலும் இல்லாத மாதிரிதான்" என்றார். அது என் பெயராக இல்லாததில் எனக்கு உள்ளூர நிம்மதி. இப்போது ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

மக்கள் கேட்கத்தான் செய்தார்கள். எங்கள் கூட்டச் செலவில் டீக்கு மேல் வடையும் இருப்பதைக் கண்டுபிடித்த ஒருவர், மானியத்தில் வடை உண்டா என்று கேட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சேச்சி பலகையில் எழுதினார்: 'கேட்டது சரி. இனி வடை சொந்தக் காசில்.' அதற்குப் பிறகு எங்கள் கூட்டங்கள் சீக்கிரம் முடிய ஆரம்பித்தன.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் மானிய அறிக்கையோடு பயன்பெற்றோர் பட்டியலும் இணைக்க வேண்டியிருந்தது. யார், எந்த நோய்ப் பிரிவுக்கு, எத்தனை முறை என்று கட்டம் கட்டி அழகாகத் தயாரித்தேன். எல்லாவற்றையும் ஊரறியச் சொல்லிப் பழகிவிட்ட தோரணையில், அதன் நகலைப் பலகையோடு ஒட்டக் கொடுத்ததும் நான்தான். சேச்சி அப்போது மகள் வீட்டில் இருந்தார். சுனில் கொண்டுபோய் ஒட்டினான்.

அந்தப் பட்டியலில் ஒரு பெண் இருந்தார். அவர் பெயரை எழுத மாட்டேன், நோயையும் எழுத மாட்டேன். அவருக்கு அது இருப்பது லயத்தில் அதுவரை யாருக்கும் தெரியாது. ஒரே வாரத்தில் பக்கத்து வீட்டார் அவர் வாசல் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். அடுத்த புதன் அவர் ஜீப்பில் ஏறவில்லை, அதற்கடுத்த புதனும் இல்லை. நடுவில் மருந்தை விட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார்.

செய்தி தெரிந்ததும் சேச்சி மலையேறினார். நானும் போனேன். டீக்கடை முன்னால் பத்து இருபது பேர் நின்றார்கள். "ஆரு ஒட்டினது இத?" என்று ஒருவர் சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், அல்லது திறக்காமலே இருந்துவிடுவதற்குள், சேச்சி முன்னால் போனார். "அடியில என் பேருதானே இருக்கு? என்கிட்ட கேளுங்க" என்றார். பட்டியலைக் கிழித்தார். பலகையைத் துடைத்து எழுதினார்: 'இங்கே பெயர்களைப் போட்டது எங்கள் தவறு. மன்னிக்க வேண்டும். எஸ்தர்.' பிறகு அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய், உள்ளே உட்கார்ந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். வாசலில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண் அடுத்த புதன் ஜீப்பில் ஏறினார். மருந்தையும் முழுசாக முடித்தார்.

இறங்கும் வழியில் நான் தலையைக் குனிந்தே இருந்தேன். சேச்சி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "பணம் போன வழி ஊருக்குத் தெரியணும் சார். ஆளு போன வழி தெரியாண்டாம்" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து பலகையில் கொடுத்தவர் பெயர் உண்டு, செலவழித்தவர் பெயர் உண்டு, வாங்கியவர் பெயர் கிடையாது. பட்டியல் போட்டது யார் என்று மலையில் யாருக்கும் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவரும் சொல்லவில்லை.

புதன் மாலை பாறசாலையில் அடக்கம். ஆஸ்பத்திரி முடிந்த ஜீப் நோயாளிகளோடு நேராக அங்கே வந்தது. அடக்கத்துக்காகவே ஏறி வந்த அந்தப் பெண்ணும் இறங்கினார், கறுப்பில் வெள்ளைப் பூப்போட்ட சேலையில், நல்ல ஆரோக்கியமாக. மண் போட்டுவிட்டு என்னிடம் வந்து, "போர்டுல இனி யார் பேரு சார் இருக்கும்?" என்றார். கமிட்டி கூடி முடிவு செய்யும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஜீப்பைப் பார்த்து நடந்தார். அழுகை வந்தது எனக்கு அப்போதுதான்.

அடுத்த புதன் காலை ஆள் ஏற்றப் போகும் ஜீப்பில் நானும் மலையேறினேன். எஸ்தர் என்ற பெயரைத் துடைக்கக் கை வரவில்லை. அதன் கீழேயே எழுதினேன். 'இப்போது கேட்க வேண்டியவர்: கணேசன். அன்று அந்தப் பட்டியலைத் தயாரித்ததும் நானே.' சேச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பலகையின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரியை மட்டும்தான். சொத்து சின்னதுதான். ஆனால் அதில் என் பெயரை எழுத எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

டீக்கடைக்காரர் படித்தார், சுனில் படித்தான். அந்தப் பெண் கடைசியாக வந்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். திட்டுவார் என்று நின்றிருந்தேன். "சரி சார்" என்றார். "அப்ப உங்ககிட்டயே கேக்கறேன். ஜீப்பு பின்டயர் ரெண்டும் மொட்டையா கெடக்கு. மாத்த வந்த பணம் என்னாச்சு?"

விசாரித்து அடுத்த புதன் வந்து சொல்கிறேன் என்றேன்.