எல்லாக் குதிரைக்கும் ஒரே சேணம்

காரைக்குடியில் நாய்க்குக் கழுத்துப்பட்டையும் குதிரைக்குச் சேணமும் விற்றே எனக்குத் தலை நரைத்துவிட்டது. பட்டை வாங்க வருகிறவர்கள் நாயைத் தவிர எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள். போனில் படம் இருக்கும், எந்தக் கலர் ராசி என்று தெரிந்திருக்கும். கழுத்து அளவைக் கேட்டால், "நல்லா கொழுகொழுன்னு இருக்கும்க்கா" என்பார்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும் என்ற ஒரே பாடத்தைத்தான் இத்தனை காலம் நடத்தினேன். பாஸானவர்கள் குறைவு.

குதிரை விஷயத்திலாவது ஜனங்களுக்குப் புத்தி இருக்கும் என்று நம்பியிருந்தேன். போன வைகாசியில் கீழச்சிவல்பட்டியிலிருந்து ஒரு ஓட்டல் மேனேஜர் போன் செய்தார். பழைய வீட்டை ஓட்டலாக்கி நடத்துகிறவர்கள் அவருடைய முதலாளிகள். அன்று சாயங்காலம் அங்கே மாப்பிள்ளை அழைப்பு. குதிரை சேணத்தைப் போடவே விடவில்லையாம்.

போய்ப் பார்த்தேன். ஓட்டல்காரர்கள் ஆன்லைனில் வாங்கிய வெல்வெட் சேணம், ஜரிகை வேலை, 'யுனிவர்சல் சைஸ்' என்று சீட்டு. உலகத்துக் குதிரைகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போலும். வெறும் முதுகில் வைத்துப் பார்த்தேன். முதுகு மேட்டுக்கும் சேணத்துக்கும் நடுவே விரல் நுழைய வேண்டிய இடத்தில் நகம்கூட நுழையவில்லை.

"அதுக்கும் வழி வச்சிருக்கேன்க்கா. கீழ ரெண்டு மெத்தை போட்டாச் சரியாப் போயிரும்" என்றார் மேனேஜர்.

குதிரைக்காரர் முத்துக்கருப்பன் மானகிரிக்காரர். அவருக்கு இருப்பது அந்த ஒரே குதிரை. "முதுகு புண்ணாச்சுன்னா இந்த முகூர்த்த மாசம் முழுக்க நான் எதைக்கா ஓட்டுறது?" என்றார். எனக்கு ஆத்திரம் வந்தது.

மேனேஜர் புது ஷூவில் நொண்டிக்கொண்டிருந்தார்.

"ஷூ கடிக்குதாக்கும்?"

"உயிர் போகுதுக்கா."

"உள்ள இன்னொரு சாக்ஸ் போடுங்க. மெத்துன்னு இருக்கும்."

"நீங்க வேற. இன்னும்ல இறுக்கும்?"

சொன்ன கையோடு, இரண்டாவது மெத்தையை எடுத்துவர ஆள் அனுப்பினார்.

இனி முதுகைப் பற்றிப் பேசிப் பயனில்லை. "சரி, போடுங்க. வலியில குதிரை முன்னங்காலத் தூக்கும். வீடியோ அமோகமா வரும்" என்றேன்.

"மாப்ள விழுந்துருவாரா?"

"அதான் வீடியோ எடுக்கிறீகளே, பாத்துக்கலாம்."

முத்துக்கருப்பனின் பழைய சேணமே ஏறியது. அதன்மேல் ஒரு ஜரிகைத் துணியை விரித்ததும் மேனேஜர் முகம் தெளிந்தது. புதுச் சேணம் இப்போது வரவேற்பறையில் மரத்தாங்கியில் இருக்கிறது. விருந்தினர்கள் ஏறிப் படம் எடுக்கிறார்கள். தாங்கிக்கு வலிக்காது.

பட்டையோ சேணமோ, வாங்குமுன் அதைச் சுமக்கப்போகும் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

மாப்பிள்ளை அழைப்புக்கு மறுநாள் காலையில் முத்துக்கருப்பன் போன் செய்தார். "ஒரு முடிகூட நலுங்கலைக்கா."

சற்று நேரத்தில் மேனேஜரும் கூப்பிட்டார். குதிகாலில் கொப்புளமாம், குதிரைக்குப் போடும் களிம்பு மனுஷருக்கு ஆகுமா என்று கேட்டார்.