உள்ள வந்துட்டேன், மல்லிகா

பெரம்பலூர் ஆபீஸில் அன்று காலை கம்ப்யூட்டரை அப்போதுதான் போட்டிருந்தேன். மல்லிகாவின் அண்ணன் கூப்பிட்டார். "சார், மல்லிகா பாப்பா போயிடுச்சு. நெஞ்சு வலிக்குதுன்னுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." துக்கத்துக்கு முன்னால் எனக்கு வந்தது, இனி தனியாக எப்படிச் சமாளிப்பேன் என்ற பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. மல்லிகாவோடு வேலை பார்த்த உங்களுக்குப் புரியும்.

அரியலூரில் ஒரு ரத்த வங்கியின் சர்வரை நாங்கள் இருவரும் இங்கிருந்தபடியே கவனித்துவந்தோம். ஒருநாள் ரத்த இருப்புப் பட்டியலில் கோளாறு. ஆபரேஷனுக்கு ரத்தம் கேட்டு அங்கே ஆட்கள் நின்றார்கள். நான் லாகின் செய்தால், பாஸ்வேர்டு கேட்கவே அரை நிமிடம் ஆனது. எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்று ரீபூட் செய்யப் போனேன்.

"கைய எடுங்க சார். யாரும் வரல" என்றார் மல்லிகா. நாங்கள் பயன்படுத்தவே செய்யாத ஓர் அடையாளச் சோதனையைச் சர்வர் ஒவ்வொரு முறையும் முயன்று, பதிலுக்குக் காத்திருந்து ஓய்ந்த பிறகே பாஸ்வேர்டு கேட்கிறது என்று கண்டுபிடித்தார். செட்டிங்கில் அந்த ஒரு வரியை அணைத்தால் போதும்.

அணைத்தவன் நான். அவசரத்தில் ஓர் எழுத்தைத் தப்பாக அடித்து, லாகின் சேவையை ரீஸ்டார்ட்டும் செய்துவிட்டேன். அதன்பின் உள்ளே போகவே முடியவில்லை. மல்லிகா தன் திரையைக் காட்டினார். காலையில் அவர் லாகின் செய்த விண்டோ மூடாமல் இருந்தது. அதன் வழியாகவே என் எழுத்தைத் திருத்தி, ரத்தப் பட்டியலையும் சரிசெய்தார்.

"புதுசு உள்ள போயி உக்கார்ற வரைக்கும் பழசு எந்திரிக்கக் கூடாது சார்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம். செட்டிங்கை மாற்றிப் புதிதாக லாகின் செய்பவர், "உள்ள வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். "அப்ப நான் மூடிக்கிறேன் சார்" என்று தன் பழைய விண்டோவை மூடுவார் அவர்.

போன வாரம் புது சர்வரிலும் அதே தாமதம். பக்கத்து நாற்காலி காலி. அவருடைய கம்ப்யூட்டரில் ஒரு விண்டோவைத் திறந்து வைத்துவிட்டு என் இடத்துக்கு வந்தேன். அந்த ஒரு வரியை ஐந்து முறை படித்த பிறகே ரீஸ்டார்ட் செய்தேன். லாகின் உடனே கிடைத்தது.

"உள்ள வந்துட்டேன், மல்லிகா" என்று வாய்விட்டே சொன்னேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தப் பழக்கம்தான். பயம் என்னுடையது, அது போகவில்லை. அவர் கம்ப்யூட்டரில் அந்த விண்டோ இன்னும் திறந்தே இருக்கிறது. மூடிக்கொள்கிறேன் என்று சொல்ல வேண்டியவர் அவர்.