கரைக்குக் கூப்பிட்ட ஹோர்ன்

எங்கள் வீட்டில் இரண்டு வானிலை அறிக்கைகள் இருந்தன. ஒன்று தொலைக்காட்சி சொல்வது, அது எனக்கு. மற்றது என் கணவர் சொல்வது. அதை நம்பியவர் அவர் ஒருவர்தான். காலையில் எழும்பியதும் நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு வானிலைச் சனலைப் போடுவேன். அவர் சாரமும் பெனியனுமாகக் குசினிப் பின்கதவைத் திறந்து, வெளியே மைனஸ் இருபதாக இருந்தாலும் முகத்தை நீட்டிக்கொண்டு நிற்பார். வீட்டுச் சூடெல்லாம் அவருடைய ஆராய்ச்சிக்குப் பலியாகும்.

"கதவைச் சாத்துங்கோ. ரொக்ஸ்பரோ ஊர் முழுக்கச் சூடேத்தப் போறியளோ?"

"வாடை விழுந்திட்டுது. நாளைக்குச் சோளகம் பிடிக்கும்," என்பார் அவர், நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல்.

வாடை வடக்குக் காற்று, சோளகம் தெற்குக் காற்று. மன்னார்க் கடலில் படகு ஓட்டியவருக்கு அந்தக் காற்றெல்லாம் கூடப்பிறந்தவர்கள் மாதிரி. மொன்றியலுக்கு வந்து துறைமுகத்துப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றி இறக்கத் தொடங்கிய பிறகு அவர் கதைப்பதையே விட்டுவிட்டார். கேட்டதற்கு ஓம், இல்லை. மிச்சத்துக்கு ஒரு முனகல். பல வருடங்கள் அப்படியே போயின. பிறகு, கூட வேலை செய்த ஒருவன் அவரை ஒரு மாரியில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கம் உறைந்த ஏரிக்குக் கூட்டிப்போனான். ஐஸில் துளை போட்டு, தூண்டில் விட்டு, கைநீளத்தில் ஒரு மீனை எடுத்திருக்கிறார். அன்று இரவு முழுக்கக் கதை. எனக்கு நித்திரை வந்ததே தவிர அவருக்கு வாய் மூடவில்லை. நான் அந்த மீனுக்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அடுத்த மாரிக்கு நீலத் தறப்பாளில் தானே ஒரு கூடாரம் தைத்தார். குழாய் வளைத்துச் சட்டம் போட்டார். "படகுப் பாய் தைச்ச கை இது. எந்தக் காத்துக்கும் அசையாது," என்று வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். மார்கழியில் அதை ஏரி நடுவே கொண்டுபோய் நிறுத்தினால் பங்குனி வரை அங்கேதான்.

அந்த வருடம் தை மாதத்தில், நடுக்குளிரில், திடீரென்று ஒரு வெக்கை வரப்போவதாகத் தொலைக்காட்சி சொன்னது. பிரெஞ்சில் ரெதூ என்பார்கள். நாலு நாள் எல்லாம் உருகி ஓடும், பிறகு பழையபடி இறுகும். நான் வேலை செய்த கார்டெரி என்ற குழந்தைகள் காப்பகத்தில் அந்த வாரம் பிள்ளைகளின் கையுறைகளைப் பிழிந்து ஹீற்றரில் காயப்போட்டே என் கை ஊறிப்போனது. சனிக்கிழமை பிளஸ் எட்டு, பின்னேரம் மழை, ஞாயிறு இரவு மைனஸ் பதினெட்டு என்றது சனல். அவருக்கு மழையும் கவலையில்லை, குளிரும் கவலையில்லை. கூடாரம்தான் கவலை. ஐஸுக்கு மேலே நிற்கும் தண்ணீர் ஞாயிறு இரவு உறைந்தால் கூடாரத்தின் விளிம்பு சீமெந்தில் புதைத்த மாதிரி இறுகிவிடும். பிறகு கிழித்துத்தான் எடுக்கவேண்டும்.

"கிழிஞ்சால் கிழியட்டும். போகவேண்டாம்," என்றேன்.

"ரெண்டு அடி ஐஸ். லொறியே ஓடும். மழை இரவுக்கு முந்தி வராது. காத்தைப் பார்."

"ரீவியிலை பின்னேரம் எண்டவங்கள்."

"அவங்கள் கண்ணாடிக்குள்ளை இருந்து சொல்லுறாங்கள்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். சனிக்கிழமை நானும் காரில் ஏறினேன். வீட்டில் இருந்து சாவதைவிட அங்கே இருந்து சாவது மேல் என்று நினைத்தேன். வழி முழுக்க மழை பின்னேரமா இரவா என்று சண்டை. இன்று யோசித்தால் சிரிப்பும் வருகிறது, குலையும் நடுங்குகிறது. அன்று என்ன வரப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை. தொலைக்காட்சியும் சொல்லவில்லை, சோளகமும் சொல்லவில்லை.

படகு இறக்கும் சரிவில் காரை நிறுத்தினோம். மற்றச் சனிக்கிழமைகளில் அங்கே பிக்கப் வாகனங்கள் வரிசையாக நிற்கும். அன்று ஒன்றுகூட இல்லை. ஐஸுக்கு மேலே கணுக்கால் அளவு தண்ணீர் பரந்து கிடந்தது. பார்த்தால் உருகி முடிந்த ஏரி மாதிரியே இருந்தது.

"ஒருத்தரையும் காணேல்லை," என்றேன்.

"நித்திரையாக் கிடப்பாங்கள்." சாமான் இழுக்கும் சறுக்குப் பலகையைக் காரிலிருந்து இறக்கினார். வெக்கையாக இருக்கிறது என்று ஜக்கற்றைக் கழற்றிப் பின்சீற்றில் எறிந்தார்.

"தண்ணிக்கு மேலை நடக்கலாமெண்டு வேதத்திலை இராயப்பரும் நம்பித்தான் இறங்கினவர். பேந்து தண்ணிக்குள்ளை தாண்டவர்," என்றேன்.

சிரித்தார். பிறகு தூரத்தில் நீலப் புள்ளியாகத் தெரிந்த கூடாரத்தையும், அதற்கு நேரே கரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு முனையையும் காட்டினார். "திரும்பி இவ்வளவு தூரம் இழுக்கேலாது. நீ காரை அந்த முனைக்குக் கொண்டுபோய் விடு. நேரா வந்து ஏறுறன். கிட்டின கரை அதுதான்."

கடலில் பிழைத்தவருக்கு நடு ஆபத்து, கரை அடைக்கலம். கிட்டின கரையைப் பிடித்தால் தப்பினான். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நானும் அதே கரையில் பிறந்தவள்தானே.

முனையில் ஒரு சின்னப் பூங்கா, குந்தியிருக்க ஒரு வாங்கு, கார் விட இடம். காருக்குள் இருந்து பார்த்தேன். அவர் குனிந்து கோடாலியால் விளிம்பைக் கொத்துவது எறும்பு அசைவது போலத் தெரிந்தது. கூடாரம் ஒரு பக்கம் சரிந்தது. நான் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து மூடியில் ஊற்றிக் குடித்தேன். மூடியை வைத்துவிட்டு நிமிர்ந்தால் கூடாரம் இல்லை. ஏரியும் இல்லை. சூட்டுக் காற்று ஐஸில் பட்டு எழுந்த மூடுபனி, சத்தமில்லாமல் வந்து வாங்கு வரைக்கும் மூடிவிட்டது.

உடனே போன் அடித்தேன். பின்சீற்றில், அவருடைய ஜக்கற்றுக்குள், அது அடித்தது.

கண்ணாடியில் தொங்கிய செபமாலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் ஹோர்னை அழுத்தினேன். நீளமாக மூன்று. கொஞ்சம் பொறுத்து இன்னும் மூன்று. கதவைத் திறந்து காது கொடுத்தேன். எங்கேயோ உள்ளே இருந்து "ஓ...ய்" என்று ஒரு குரல். அப்பாடா என்றிருந்தது. நானும் கத்தினேன். ஆனால் காற்று ஏரியிலிருந்து கரைக்கு அடித்தது. அவருடைய குரலை எனக்குக் கொண்டுவந்த காற்று என் குரலைத் திருப்பி என் வாய்க்குள்ளேயே தள்ளியது. ஹோர்ன் மட்டும்தான் அவருக்குப் போகும். அடித்துக்கொண்டேயிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்த "ஓய்" கொஞ்சம் கிட்ட வந்தது.

அப்போது என் கார்க் கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு பெண், என் வயதிருக்கும், கையில் பிடித்தபடி ஒரு பெரிய நாய். ஹோர்ன் சத்தத்துக்குச் சண்டை பிடிக்க வந்திருக்கிறாள் என்று நினைத்து, "என் கணவர், என் கணவர்" என்று பிரெஞ்சில் சொல்லி ஏரியைக் காட்டினேன். அவள் முகம் மாறியது. "நோன், நோன், நோன்!" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போனாள்.

தெருவில் உருகும் தண்ணீர் எல்லாம் அந்த முனையில்தான் ஒரு குழாய் வழியாக ஏரிக்குள் விழுகிறது. ஒவ்வொரு ரெதூவுக்கும் முதலில் போவது இந்த இடம். போன வருடம் தன் நாய் இங்கேதான் விழுந்தது என்றாள். நான் பார்த்தேன். கல்லுக்கும் ஐஸுக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்குக் கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் ஐஸ் சாம்பல் நிறமாகத் தொய்ந்து கிடந்தது. நடுவில் லொறி ஓடும். கரையில் கால் வைக்க முடியாது. நான் என் புருசனை அந்தக் குழிக்குத்தான் மூன்று மூன்றாக ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஓ...ய்!" இப்போது நன்றாகவே கிட்ட.

என்ன செய்வது? ஹோர்ன் அடித்தால் நேரே வருவார். அடிக்காவிட்டால்? வந்த திசையிலேயே தொடர்ந்து வந்தால்? "நில்லுங்கோ! வராதேங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அந்தப் பெண் என்னைப் பிடித்துத் திருப்பினாள். சரிவுக்குப் போய் அங்கிருந்து அடி, அங்கே குழாய் இல்லை, ஐஸ் கரையோடு ஒட்டியிருக்கும். இங்கே நான் நின்று அவரை மறிக்கிறேன் என்றாள் அவள். பெயர் தெரியாத ஒருத்தியிடமும் ஒரு நாயிடமும் அவரை விட்டுவிட்டுக் காரில் ஏறினேன்.

தெரு வீடுகளைச் சுற்றிச் சுற்றிப் போனது. வாய் "அருள் நிறைந்த மரியே" சொல்லியது, பாதியில் விட்டு மறுபடி முதலிலிருந்து சொல்லியது. ஒரு நிறுத்தப் பலகையிலும் நிற்கவில்லை. சரிவில் காரை அப்படியே ஏரிக்கு நேரே நிறுத்தி, இரண்டு கையாலும் ஹோர்னை அழுத்தினேன். விட்டேன். அழுத்தினேன். கதவைத் திறந்து கேட்டேன்.

ஒன்றுமில்லை.

கூரைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் கேட்டது. தூரத்தில் நெடுஞ்சாலை இரைந்தது. "ஓய்" மட்டும் இல்லை. மறுபடி அடித்தேன். ஒருவேளை ஹோர்ன் நின்ற நேரத்திலேயே காலை வைத்துவிட்டாரோ? அவருக்கு நீந்தத் தெரியும், ஆனால் அந்தத் தண்ணீரில் நீச்சல் என்ன செய்யும்? ஊரில் ஆமிக்காரனுக்கும் புயலுக்கும் தப்பி வந்த மனிதன், ஒரு தறப்பாள் துண்டுக்காக, நான் அடித்த ஹோர்னைக் கேட்டு வந்து... அதற்கு மேல் யோசிக்க விடாமல் ஹோர்னை அழுத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு திரை விலகி மூடியது.

முதலில் கேட்டது தண்ணீரில் கால் அளையும் சத்தம். பிறகு மூடுபனிக்குள் ஒரு கறுப்பு. பிறகு அவர். சறுக்குப் பலகை இல்லை, கூடாரம் இல்லை, கோடாலி இல்லை. வெறுங்கையோடு, இடுப்பு வரை நனைந்து, மெதுவாக நடந்து வந்து சரிவில் ஏறினார்.

நான் ஓடிப்போய் அவருடைய சேட்டுக் கொலரைப் பிடித்தேன். "விழுந்தனீங்களோ? எங்கை விழுந்தனீங்கள்?"

"விழேல்லை."

"அப்ப ஏன் நனைஞ்சிருக்கு? சாமான் எங்கை?"

என் சப்பாத்தைப் பார்த்தார். குனிந்து என் காற்சட்டையின் அடிவிளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

"நீ இறங்கேல்லைத்தானே?" என்று கேட்டார்.

"நான் ஏன் இறங்க? எனக்கென்ன விசரோ?" பயம் போன இடத்தில் ஆத்திரம் வந்தது. காற்றை முகர்ந்து பார்க்கிறவருக்கு இது தெரியவில்லையா, கிட்டின கரையாம் கிட்டின கரை, வீட்டுக்கு வாருங்கள் அந்தப் பின்கதவுக்கு ஆணி அடிக்கிறேன் என்று என்னவெல்லாமோ சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். பற்கள் அடித்தன. நான் ஜக்கற்றை எடுத்துப் போர்த்திவிட்டு இன்னும் ஏசினேன்.

அந்த நேரம் சிவப்பு மழைக்கோட்டுக்காரி நாயோடு மூச்சு வாங்க நடந்து வந்து சேர்ந்தாள். அவரைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் வேகமாகச் சொல்லத் தொடங்கினாள். அவருக்குத் துறைமுகத்துப் பிரெஞ்சுதான் தெரியும். பெட்டி, பாரம், இடது, வலது. இது பிடிபடவில்லை. எனக்கு ஒவ்வொரு சொல்லும் விளங்கியது.

அவள் சொன்னது இதுதான்: ஹோர்ன் நின்று கொஞ்ச நேரத்தில், மூடுபனிக்குள்ளிருந்து இந்த மனிதர் ஓடி வந்தார். நடந்து அல்ல, ஓடி. இழுத்து வந்ததை எங்கேயோ போட்டுவிட்டு, சறுக்கிச் சறுக்கி, யாரையோ கூப்பிட்டுக் கத்திக்கொண்டு வந்தார். நான் இரண்டு கையையும் தூக்கி நில் நில் என்று கத்தினேன், நாய் குரைத்தது, அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. கரையோரம் இருந்த அந்தக் கறுப்புத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார், அதற்குள் ஆளைத் தேடுகிறவர் மாதிரி. இன்னும் நாலைந்து எட்டு வைத்திருந்தால் போயிருப்பார். அப்போதுதான் இங்கிருந்து உன் ஹோர்ன் கேட்டது. அப்படியே நின்றார். இரண்டாம் தரம் கேட்டதும் ஐஸுக்கு மேலே நின்ற தண்ணீருக்குள்ளேயே குந்திவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு இருந்தார். நான் நடு ஏரிப் பக்கம் கையைக் காட்டிக் காட்டித்தான் எழுப்பி அனுப்பினேன்.

சொல்லி முடித்துவிட்டு அவள் என் தோளைத் தொட்டாள்.

"என்னவாம்?" என்று கேட்டார் அவர்.

சொல்ல வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. இவ்வளவு நேரம் ஏசிய வாயால், அந்தச் சரிவில், பிறத்தியார் முன்னால் விம்மி விம்மி அழுதேன். அவர் அந்தப் பெண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கையை என் முதுகில் வைத்தார்.

"அழாதை," என்றார். "கூடாரம்தானே. வேற ஒண்டு தைக்கலாம்."