ஏழாம் வரிசை

அந்தப் படம் இன்றும் என் அலுமாரியில் இருக்கிறது. கறுப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள், பதினொரு வரிசை. நெல் இலையிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுத்து, எந்த நெல் எதற்கு உறவு என்று கோடுகளாகக் காட்டுகிற படம். ஏழாவது வரிசை எங்கள் சித்தப்பாவின், நாங்கள் குஞ்சியப்பா என்று கூப்பிடுகிறவரின், நெல். எட்டாவது, வன்னியில் தர்மபுரத்தில் அவருடைய பக்கத்து வயல்காரரின் நெல்.

நான் அப்போது விவசாயப் போதனாசிரியர். பழைய நெல்லினங்களில் எவ்வளவு வேறுபாடு மிஞ்சியிருக்கிறது என்று பார்ப்பதற்காக இலைகளைக் காயவைத்து, தெற்கே ஓர் ஆய்வுகூடத்துக்கு அனுப்பினோம். வவுனியாச் சோதனைச் சாவடியில் காய்ந்த இலைக்கு விளக்கம் சொல்லியே எனக்கு நாக்கு வறண்டது. குஞ்சியப்பாவின் இலையை நானாகத்தான் சேர்த்தேன். யுத்தத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தபோது மனிதர் வேறெதையும் எடுக்கவில்லை. தகப்பன் விதைத்த சிவப்பு நெல்லைத் தலையணை உறையில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். தர்மபுரத்தில் அது கட்டையாக வளர்ந்தது, இரண்டு கிழமை முந்திக் கதிர் தள்ளியது. "மண் மாறினால் பயிரும் மாறுந்தானே," என்பார். பக்கத்து வயல் நெல்லும் அதே மாதிரித்தான் நின்றது. ஆனால் அதை அவரிடம் சொல்ல யாருக்குத் துணிவு? விதை கேட்டு வருகிறவர்களுக்கு, "அப்புவின்ர நெல், கவனம்," என்று சொல்லித்தான் அளந்து கொடுப்பார். தனி இனம் என்று நிரூபித்தால் குளிர் அறையில் காலத்துக்கும் வைத்துக் காப்பார்கள் என்று அவருக்கு ஆசை காட்டியவன் நான். வித்தியாசம் தெரியட்டும் என்று பக்கத்து வயல் இலையையும் அனுப்பிவைத்தேன்.

முடிவு வந்த உறையைப் பிரிக்காமலே சைக்கிளில் கொண்டுபோனது என் மடத்தனம். அவர் கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கப் பிரித்தேன். ஏழும் எட்டும் அச்சொட்டாக ஒன்று. மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன்.

"மெஷின் பிழை விடாதோ தம்பி?" என்று கேட்டார் குஞ்சியப்பா.

அடுப்பை விட்டு வந்து குசினி வாசலில் நின்ற குஞ்சியம்மா சொன்னார்: "மெஷின் பிழை விடேல்லை. நான்தான்."

தர்மபுரத்துக்கு வந்து பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நாட்களில், குஞ்சியப்பா காணி தேடி அலைந்த நேரம், குஞ்சியம்மா அந்த விதைநெல்லை இடித்துக் கஞ்சி வைத்திருக்கிறார். பிள்ளைகளின் பசி அப்படி. பிறகு இப்போதைய பக்கத்து வயல்காரரிடமே சிவப்பு நெல் கேட்டு வாங்கித் தலையணை உறையை நிரப்பியிருக்கிறார். அந்த மனிதரும் வாய் திறக்கவில்லை.

"எனக்குச் சொல்லியிருக்கலாமே?" என்றார் குஞ்சியப்பா.

"சொல்லியிருந்தால் குடிச்சிருப்பியளோ? ரெண்டாங் கோப்பையும் கேட்டு வாங்கியெல்லோ குடிச்சனீங்கள்."

குஞ்சியப்பா வாயைப் பொத்திக்கொண்டார். நான் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன், சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதன்பிறகு அவர் விதை யாருக்கும் கொடுக்கவில்லை. கஞ்சியையும் தொடவில்லை.

இப்போது நான் படிப்பிக்கிற ஆய்வுகூடத்தில் இந்தக் கோடுகள் கணினித் திரையில் வருகின்றன. இரண்டு வரிசை ஒத்துப்போனால், "ரெண்டும் ஒண்டுதான் சேர்," என்று மாணவர்கள் சிரித்தபடி சொல்வார்கள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து, ஏழாம் வரிசையை எடுத்துப் பார்ப்பேன். அப்புவின் நெல் அதில் இல்லை. அதைக் குடித்துப் பிழைத்த பிள்ளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது இன்னும் தெரியாது.