திரை அசையலைன்னா மெயினை அணை

கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிற தொழிலில் இருக்கிற பெரிய அவஸ்தை இதுதான்: உள்ளே மாடு மாதிரி உழைத்துக்கொண்டிருக்கிற மெஷின், வெளியே பார்க்கிறவர்களுக்குச் செத்துக் கிடக்கிற மாதிரி தெரியும். இதில் அடிபட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் வயிறும் என் வயிறு மாதிரி எரிந்திருக்கும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

எண்பதுகளின் பின்பாதி. உப்பளம் பேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப் மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். உழவர்கரைப் பக்கம் ஒரு நூல் மில்லுக்கு, தொழிலாளர்களை வேலையில் சேர்ந்த தேதிப்படி வரிசைப்படுத்துகிற புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஒருத்தரை எடுத்து மற்ற எல்லாரோடும் ஒப்பிட வேண்டும், அப்புறம் அடுத்தவர், அப்புறம் அடுத்தவர். ஒரு சுற்றுக்குள் இன்னொரு சுற்று. முடிய முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரை திரையில் ஒரு புள்ளிகூட அசையாது.

மில்லில் மெஷினை ஓட்ட ஸ்டெல்லா என்ற பெண்ணைப் போட்டிருந்தார்கள். அரியாங்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். அவள் அப்பா வேலை பார்த்த ஆலை மூடிவிட்டதால் வீட்டில் வேலைக்குப் போகிறவள் அவள் ஒருத்திதான். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரம் செய்கிறோம் என்று சேர்த்திருந்தார்கள்.

ஃபிட்டர் முனுசாமி

முதல் வாரமே மெடிக்கல் ஷாப்புக்கு போன் வந்தது. பட்டியல் பாதியில் நின்றுவிட்டதாம், ஃபைல் திறக்கவில்லையாம். வேகாத வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால், மில்லின் ஃபிட்டர் முனுசாமி கரண்ட்டை அணைத்திருக்கிறார்! ஏசியைப் பார்க்க வந்த மனுஷன், போகிற போக்கில் கம்ப்யூட்டரையும் பார்த்திருக்கிறார். உள்ளே விசிறி இரைகிறது, திரையில் ஒன்றும் நகரவில்லை. ஸ்டெல்லா "அண்ணே, வேணாம்ணே" என்று எழுந்திருப்பதற்குள் மெயினை இறக்கிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் கத்தினேன். அவர் கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். நூற்கிற இடத்தில் முப்பது வருஷப் பழக்கம் அவருக்கு. கடைசியில் சொன்னார்: "தம்பி, மெஷினு முக்குது, ஆனா ஒண்ணும் சுத்தல. அணைக்காம வுட்டிருந்தா காயிலு கருகியிருக்கும். நீ வந்து பொகையத்தான் பாத்துருப்ப."

மில்லில் ஒரு சர்வீஸ் ரிஜிஸ்டர் உண்டு. ஒவ்வொரு தடவை போகும்போதும் கோளாறுக்குக் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முனுசாமி பெயரை எழுதினால் தொழிலாளர் சங்கம் சண்டைக்கு வரும். என் பெயரை எழுத நான் என்ன பைத்தியமா? அறைக்குப் பொறுப்பு ஸ்டெல்லா. "இயக்குபவர் கவனக்குறைவு. புரோகிராமில் குறை இல்லை" என்று எழுதிவிட்டு வந்தேன்.

தயவுசெய்து காத்திருக்கவும்

சரி, படிக்கத் தெரிந்தவர்களுக்காவது புரியட்டும் என்று, சுற்று தொடங்கும்போது திரை நடுவில் 'ப்ளீஸ் வெயிட்' என்று வரும்படி செய்தேன். அதுவும் அசையாது, சும்மா நிற்கும்.

நம்ம ஊரில் மத்தியானம் ஆபீஸைப் பூட்டிவிட்டுச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டுவிட்டு மூன்று மணிக்குத் திறப்பார்களே, அந்த மில் ஆபீஸும் அப்படித்தான். மேனேஜர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த பெரியவர். யாராக இருந்தாலும் 'ஐயா'வுக்குப் பதில் பிரெஞ்சில் 'முசே' என்றுதான் கூப்பிடுவார். பன்னிரண்டு மணிக்குத் திரையைப் பார்த்திருக்கிறார், 'ப்ளீஸ் வெயிட்'. பன்னிரண்டரைக்குப் பூட்ட வந்தால் அதே 'ப்ளீஸ் வெயிட்'. ஸ்டெல்லா, இன்னும் கால் மணி நேரம்தான், நான் சாப்பிடாமல் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் கேட்கவில்லை. அணைத்துவிட்டுப் பூட்டிவிட்டார்.

மறுபடி சைக்கிள், மறுபடி வெயில். ரிஜிஸ்டரில் "ஓடும்போது அணைக்க இயக்குபவர் அனுமதித்தது தவறு" என்று எழுதினேன். மேனேஜரையே மறிக்க வேண்டியது அவள் பொறுப்பாம்! எழுதும்போது எனக்குக் கொஞ்சம்கூடக் கை கூசவில்லை. மேனேஜர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "காத்திருன்னு சொன்னா எம்மா நேரம்னு சொல்லணும் முசே. சர்க்கார் ஆபீஸ் பியூன்கூட நாளைக்கு வான்னு சொல்றான்."

எண்கள் ஓடின

ரோஷம் வந்துவிட்டது. எத்தனையாவது ஆள் என்று திரையில் எண் ஓடும்படி எழுதினேன். ஆத்திரத்தில் அதை உள்சுற்றுக்குள்ளேயே வைத்துத் தொலைத்தேன். ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் திரையில் ஒரு எண். மெஷின் எண் எழுதியே களைத்துப்போய், முக்கால் மணி வேலை பொழுது சாய்கிறவரை இழுத்தது. ஆனால் கூட்டம்! கணக்குப் பிரிவு, ஸ்டோர்ஸ், வாட்ச்மேன் எல்லாரும் கண்ணாடிக் கதவு வழியாக வேடிக்கை பார்த்தார்கள். முனுசாமிக்குப் பரம திருப்தி. "இப்பத்தான் தம்பி, மெஷினு மாதிரி இருக்குது."

ஒய் அடித்த விரல்

எண்ணை வெளிச்சுற்றுக்கு மாற்றி, நூறு பேருக்கு ஒரு தடவை காட்டினால் போதும் என்று வைத்தேன். பழைய வேகம் திரும்பியது. தலை நிமிர்ந்து நடந்தேன், இனி எவன் குறை சொல்வான் என்று. ஒரு நூறுக்கும் அடுத்த நூறுக்கும் நடுவில் எண் ஒன்றரை நிமிஷம் சும்மா நிற்கும். அந்த ஒன்றரை நிமிஷம் மேனேஜருக்குப் பொறுக்கவில்லை. ஸ்டெல்லா தண்ணீர் குடிக்கப் போயிருந்தபோது, அவர் கீபோர்டில் ஒய்யையும் என்டரையும் நாலைந்து தடவை தட்டியிருக்கிறார். தட்டியதையெல்லாம் மெஷின் மறக்காமல் வரிசையில் வைத்துக்கொண்டது. சுற்று முடிந்ததும் என் புரோகிராம், "பழைய பட்டியலை அழிக்கவா?" என்று கேட்டது. வரிசையில் காத்திருந்த ஒய், அதாவது 'யெஸ்', பதில் சொல்லிவிட்டது. கண் மூடித் திறப்பதற்குள் பழைய பட்டியல் போயே போச்சு. சேர்ந்த தேதி தப்பு என்று தொழிலாளர்கள் கொடுத்த ஆட்சேபணைகளை ஸ்டெல்லா இரண்டு மாதமாகத் தட்டிச் சேர்த்ததெல்லாம் அதில்தான் இருந்தது.

நான் போனபோது அவள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். "அந்தக் கேள்விய நான் பாக்கவே இல்ல சார்" என்றாள். மேனேஜர் ரிஜிஸ்டரை என் பக்கம் தள்ளினார். இன்னும் நாலு நாளில் அவளுக்கு மூன்று மாதம் முடிகிறது. "ரெண்டு தடவை நீங்களே எழுதியிருக்கீங்க முசே. இதையும் எழுதிட்டா அனுப்பிடலாம்."

நான் புரோகிராமை ஓடவிட்டு, நடுவில் ஒய் தட்டிப் பார்த்தேன். கடைசியில் அந்தக் கேள்வி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. "யாராவது இப்படித் தட்டினீங்களா?" என்று கேட்டேன். மேனேஜர் ஒளிக்கவே இல்லை. "நான்தான். எது கேட்டாலும் ஒய் அடிச்சு என்டர் அடிங்கன்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே?"

சொல்லிக் கொடுத்தது நான்தான். கேள்வி கேட்பதற்கு முன்னால் வரிசையைக் காலி செய்ய மூன்று வரி போதும், அதை எழுதாதவனும் நான்தான். எழுதினால் இந்த மில்லும் போகும், இந்த மில்லைப் பார்த்து எங்களிடம் வரப்போகிறவர்களும் போவார்கள். எழுதாவிட்டால் அந்தப் பெண் நாளை முதல் பஸ் ஏற வேண்டியதில்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அசையாமல் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. கடைசியில் எழுதினேன்: "புரோகிராம் எழுதியவர் தவறு. முன்பு எழுதிய இரண்டும் பொய்." கையெழுத்துப் போட்டேன்.

மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, ரிஜிஸ்டரை மூடி, "அந்தப் பொண்ணு இருக்கட்டும்" என்றார். அழிந்துபோன ஆட்சேபணைகளைக் காகிதத்திலிருந்து அவள் படிக்கப் படிக்க, மூன்று நாள் உட்கார்ந்து நான் தட்டினேன். நன்றி சொல்வாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. கடைசிக் காகிதத்தைக் கட்டி வைத்துவிட்டுச் சொன்னாள்: "இத மொத தடவையே எழுதியிருந்தா சார், மூணு மாசமா நான் பஸ்ஸுல அழுதுக்கிட்டே போயிருக்க மாட்டேன்."

அதற்கப்புறமும் எத்தனையோ பேர் ஓடுகிற புரோகிராமை அணைத்திருக்கிறார்கள், எனக்கும் குறைவில்லாமல் கோபம் வந்திருக்கிறது, ஆனால் காரணம் எழுதச் சொல்லி எவன் நோட்டை நீட்டினாலும் இன்றுவரை கை தானாக என் பெயரைத்தான் முதலில் எழுதிப் பார்க்கிறது.